அஞ்சு தரம் கூப்பிட்ட ஜட்ஜ்

வாங்க வக்கீலம்மா, உள்ள வாங்க. செருப்பை அங்கேயே விட்டுருங்க, நாய் ஒண்ணும் செய்யாது. அதுக்கும் என்னை மாதிரி ரிட்டயர்மெண்ட் வயசு. அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காருங்க. அதுல உக்காந்தா எனக்கு கேட் மறைஞ்சிரும். கேட் தெரியணும் எனக்கு. பழக்கம்தான். இருபத்தேழு வருஷம் மேடையில உக்காந்து வாசலையே பாத்த கண்ணு, சுவத்தைப் பாரு மேஜையைப் பாருன்னா கேக்குமா?

செண்பகம், வந்திருக்காங்க. காப்பி போடு.

என் வீட்டம்மா. காதெல்லாம் நல்லா கேக்கும், பதில்தான் வராது. மூணு வருஷமா என்கிட்ட அளந்துதான் பேசுறா. மாத்திரை போட்டாச்சா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். அது வேற கதை. இல்லை, அதே கதைதான். விடுங்க, அப்புறம் வருவோம்.

கோர்ட் நூற்றாண்டு மலர் எப்ப வருது? தை மாசமா? கோர்ட் கட்டடத்துக்கு நூறு வருஷம் ஆயிருச்சு. நான் உங்க ஊருக்கு வந்தப்பவே அதுக்கு ஓடு ஒழுகும். மழை பேஞ்சா ரெக்கார்டு ரூம்ல வாளி வைப்போம். அதையெல்லாம் போடாதீங்க.

தலைப்பைக் காட்டுங்க. 'அஞ்சு தரம் கூப்பிட்ட ஜட்ஜ்.' ம். நல்லாத்தான் இருக்கு. யார் சொன்னா உங்களுக்கு? வடக்கே எல்லாம் அப்படித்தான் சொல்வாங்க என்னை. வழக்கப்படி டவாலி வாசல்ல நின்னு மூணு தரம்தான் பேர் கூப்பிடணும். மூணு தரத்துக்கும் ஆள் வரலை, வக்கீலும் இல்லைன்னா 'அழைக்கப்பட்டார், ஆஜரில்லை'ன்னு எழுதி கேஸ் கட்டை மூடிரலாம். உங்களுக்குத் தெரியாததா? நான் அஞ்சு தரம் கூப்பிடச் சொல்வேன். அஞ்சாவதுக்கு அப்புறமும் பேனாவை மூடி வச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உக்காந்திருப்பேன். ஜூனியர் பசங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே. கடைசி இருபது வருஷத்துல, ஆள் வரலைன்னு என் கோர்ட்ல ஒரு கேஸ் தள்ளுபடி ஆனதில்லை. இதை எழுதிக்கோங்க. இது முக்கியம்.

சரி, நான் சொல்லச் சொல்ல எழுதுறீங்களா? டிக்டேஷன் கொடுத்தே வாய் பழகிப்போச்சு, குறுக்கே கமா, புள்ளின்னு வந்தா மன்னிச்சுக்கோங்க. திரு. உலகநாதன் அவர்கள், கமா, பத்து ஆண்டுகள் வழக்கறிஞராகப் பணியாற்றிய பின், கமா, தேர்வு எழுதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் மாவட்ட முன்சீப் ஆனார். முற்றுப்புள்ளி. முதல் பணி நமது ஊரிலேயே. பின் சார்பு நீதிபதி, தலைமைக் குற்றவியல் நடுவர், கூடுதல் மாவட்ட நீதிபதி, கடைசியாக முதன்மை மாவட்ட நீதிபதி. ஓய்வு இரண்டாயிரத்துப் பதிமூன்று. முற்றுப்புள்ளி. இவர் மீது ஒரு புகார் கூட எழுந்ததில்லை. முன்சீப்பாக இவர் எழுதிய தீர்ப்புகளில் மேல்முறையீட்டில் ரத்தானது ஒன்றே ஒன்று. புது பாரா.

முடிஞ்சது. இவ்வளவுதான் ஒரு ஜட்ஜோட வாழ்க்கை. அரைப் பக்கம் வருமா?

இன்னும் வேணுமா? உங்க ஊரைப் பத்தியா? என்ன சொல்றது. நல்ல ஊர். நல்ல தண்ணி. முப்பத்தி மூணு வயசுல வந்தேன். காலையில கோட்டைப் போட்டுக்கிட்டு, டவாலி முன்னால 'வழி, வழி'ன்னு போக, பின்னால நடந்து வந்து மேடை ஏறுறப்ப எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க பாருங்க, முதல் ஒரு மாசம் நானும் உக்கார மறந்து நிப்பேன். அப்புறம் பழகிரும். பழகினதுக்கு அப்புறம் யார் எந்திரிச்சாங்கன்னு பாக்க மாட்டோம், யார் எந்திரிக்கலைன்னுதான் பாப்போம்.

டவாலி பேர் மாசானம். அவன் குரல் இருக்கே, ஒரு தரம் கூப்பிட்டா தாலுகா ஆபீஸ், அதுக்குப் பின்னால உடைமுள் மண்டிக் கிடக்கிற உடங்காடு, அதைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்பாங்க. பெஞ்ச் கிளார்க் ஹமீது. தங்கமான மனுஷர். கட்டு எதுவானாலும் கேக்குறதுக்கு முன்னால மேஜைக்கு வந்திரும்.

ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட. லேடீஸுக்கு இப்ப அங்க கக்கூஸ் இருக்கா?

இருக்கா? சந்தோஷம். ... பூட்டியிருக்கா? சாவி யார்கிட்ட? சாமான் கணக்குப் பாக்குற நாஜர்கிட்டயா? அப்ப இருக்குன்னு ஏன் சொல்றீங்க?

எங்க காலத்துல கட்டடமே கிடையாது. எனக்கு சேம்பருக்குள்ளேயே இருந்தது. வக்கீலுங்களுக்கு ஓரமா ஒரு தடுப்பு. கேஸுக்கு வர்ற பொம்பளைங்க தாலுகா ஆபீஸுக்குப் பின்னால உடங்காட்டுக்குப் போவாங்க. நான் பொதுப்பணித் துறைக்கு மூணு கடிதம் எழுதினேன். நகல் இன்னும் வச்சிருக்கேன். வேணும்னா காட்டுறேன். என் தரப்புல நான் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு.

ஏன் இதைச் சொல்றேன்னு பாக்குறீங்க. இதை எழுதாதீங்க, சும்மா கேளுங்க.

அது எண்பத்தெட்டு. மார்ச் முடியப் போகுது. காலாண்டு ஸ்டேட்மெண்ட் போகணும். அஞ்சு வருஷத்துக்கு மேல பழசா அறுபது கேஸ் என் கோர்ட்ல. மாவட்ட நீதிபதிகிட்டேருந்து கடுதாசி, 'ஏன் இத்தனை பழசு?'ன்னு. அடுத்த வருஷம் சார்பு நீதிபதி ப்ரமோஷனுக்குப் பேனல். பழசு குறையலைன்னா ரகசியக் குறிப்புல ஒரு வரி விழுந்துரும், அந்த ஒரு வரிக்கு நாலு வருஷம் அதே நாற்காலியில உக்காந்திருக்கணும். அதனால அன்னைக்குக் காலையில கண்டிப்பா ஒண்ணு சொல்லிட்டேன். பழைய நம்பரெல்லாம் முதல்ல எடு, வாய்தா கிடையாது, ஆள் இருந்தா நடத்து, இல்லைன்னா முடி. சட்டத்துல இருக்கிறதைத்தான் செஞ்சேன். ஒரு வரி சட்டத்துக்கு வெளிய கிடையாது.

பத்தரைக்கு ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல பத்து கேஸ் போச்சு. பதினொண்ணாவது, வாதி பேராச்சி. பீடி சுத்துற பொம்பளை. புருஷன் செத்துட்டான். மூணு சென்ட்ல ஒரு ஓட்டு வீடு. கொழுந்தன் அது என்னுதுங்கிறான். இவ கேஸ் போட்டு, வீட்டுக்குள்ள நுழையக்கூடாதுன்னு அவனுக்குத் தடை வாங்கி வச்சிருந்தா. அது ஆறு வருஷமா ஓடுது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நிப்பா. ஒரு ஒயர் கூடை, அதுல ஈரத்துணியில சுத்தின பீடி இலை. வாய்தா போட்டதும் வராந்தாவுல உக்காந்து கத்தரியால இலை வெட்டிட்டு, அப்புறம் கிளம்புவா. ஒரு தடவை கூடத் தவறினதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். கோர்ட்டுக்குள்ள அந்த இலை வாசனை வந்தா இன்னைக்கு பேராச்சி கேஸுன்னு நம்பர் பாக்காமலே சொல்லிருவேன்.

அன்னைக்கு அவ வக்கீல் வேற ஊர் கோர்ட்டுக்குப் போயிட்டார். மாசானம் வாசல்ல நின்னு கூப்பிட்டான். 'பேராச்சி... பேராச்சி... பேராச்சி...'

மூணு தரம். முறையா கூப்பிட்டான்.

வெளிய ஏதோ ஒரு சத்தம். டீக்கடை பக்கம் ஒரு சிரிப்பு. உள்ள வக்கீலுங்க ரெண்டு பேர் வாயைப் பொத்திக்கிட்டாங்க. கோர்ட் நேரத்துல என்ன சத்தம்னு நான் மணியைத் தட்டினேன். அடங்கிருச்சு. நான் சொன்னேன்: வாதி அழைக்கப்பட்டார், ஆஜரில்லை. வழக்கு தள்ளுபடி.

ஹமீது எழுதிட்டார். பேனா இன்னும் கையில இருக்கு, கட்டு மேஜை மேலதான் இருக்கு. ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. வாசல்ல வந்து நிக்குறா. மூச்சு வாங்குது. சேலை ஓரத்துல பூரா உடைமுள். தலை குனிஞ்சிருக்கு. எல்லாரும் அவளைப் பாக்குறாங்க. ஹமீது பாதி எந்திரிச்சு, 'அய்யா...'ன்னார். கட்டைத் தொட்டுக்கிட்டே சொன்னார்.

நான் அடுத்த நம்பர்னு சொன்னேன். அவ தலையை நிமித்தி என்னைப் பாத்தா.

என்ன பண்ண முடியும் சொல்லுங்க? அவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே. சொல்றதுக்கு வக்கீலும் இல்லை. நானா கூப்பிட்டு ஏம்மா எங்க போனேன்னு கேக்க முடியுமா, அத்தனை ஆம்பளைங்க முன்னால? அது அவளுக்குத்தான் அசிங்கம். அவ மானத்தைக் காப்பாத்தினேன்னு கூடச் சொல்லலாம். சிரிக்காதீங்க. சிரிக்கலையா? எனக்குக் கண்ணு சரியில்லை, ரெண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது.

மாசானம்தான் ஒரு தப்பு பண்ணினான். அவ வாசலை விட்டு நகரலை. வழியை மறைக்கிறாளேன்னு இவன் காதோட சொல்லியிருக்கான், 'அங்கிட்டுப் போய் இரி, கூப்பிடுவாக'ன்னு. போய் உக்காந்துட்டா. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருந்தா.

மறுநாள் வந்தா. அதுக்கு மறுநாளும் வந்தா. பின் வரிசை பெஞ்சுல ஓரமா, கூடையைக் காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டு. ஒவ்வொரு பேர் கூப்பிடுறப்பவும் தலையை நிமித்துவா. நான் ஹமீதைக் கூப்பிட்டு, கேஸ் முடிஞ்சு போச்சுன்னு அந்த அம்மாகிட்ட யாராவது சொல்லுங்கன்னேன். ஹமீது மாசானத்துகிட்ட சொல்லச் சொன்னார். மாசானம், 'சொல்லிட்டேன் அய்யா'ன்னான். சொல்லியிருக்க மாட்டான். நேத்து கூப்பிடுவாகன்னு சொன்ன வாய், இன்னைக்கு முடிஞ்சு போச்சுன்னு எப்படிச் சொல்லும்?

முப்பது நாளைக்குள்ள ஒரு மனு போட்டா வழக்கைத் திரும்ப எடுத்திருக்கலாம். வக்கீலைத் தேடிப் போனாளோ, அவர் பாக்குறேன்னு சொன்னாரோ, தெரியாது. நான் நாள் எண்ணிக்கிட்டே இருந்தேன். மனு வந்தா அன்னைக்கே அனுமதிச்சிரணும்னு மனசுல வச்சிருந்தேன். சத்தியமா. பத்து நாள், இருபது நாள். இருபத்தொம்பதாவது நாள் அவ எனக்கு நேரா உக்காந்திருக்கா, பதினைஞ்சு அடி இருக்கும். எனக்குத் தெரியுது நாளையோட போச்சுன்னு. ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனா ஜட்ஜு கட்சிக்காரங்ககிட்ட நேரா பேசக்கூடாது. அது ஒழுங்கு. அந்த ஒழுங்கை நான் வாழ்க்கையில ஒரு தடவை கூட மீறினதில்லை. இதை வேணும்னா எழுதிக்கோங்க.

கேஸ் போனதும் தடையும் போச்சு. கொழுந்தன் ஒரு வாரத்துல வேலி அடைச்சுட்டான். அவ சாமானெல்லாம் தெருவுல. பீடிக்கடைக்காரன் இலை கொட்டி வைக்கிற சாய்ப்புல படுத்துக்கச் சொல்லியிருக்கான். இதெல்லாம் ஹமீது சொல்லித்தான் தெரியும். நானா விசாரிக்கலை. முடிஞ்ச வழக்கை ஜட்ஜு விசாரிக்கக்கூடாது.

அடுத்த வருஷம் எனக்கு ப்ரமோஷன் வந்தது. கிழக்கே நாப்பது கிலோமீட்டர் தள்ளி சப் கோர்ட். நான் கிளம்புற அன்னைக்கு என் புஸ்தகம், பழைய சட்ட இதழ், எல்லாத்தையும் சிவப்பு நாடாவுல கட்டி ஜீப்புல ஏத்திக்கிட்டு இருக்காங்க. இவ வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. மாசானத்துகிட்ட கேட்டிருக்கா: 'என் கட்டும் அதுலதான் போவுதா?' இந்த மாசானம் பய, மூட்டை தூக்குற எரிச்சல்ல, 'ஆமா, அய்யா கூடத்தான் போவுது'ன்னுட்டான்.

புது கோர்ட்ல மூணாவது வாரம். திங்கக்கிழமை. பேர் கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. எனக்கு அந்த வாசனை வந்தது. ஈர பீடி இலை. தலையை நிமித்தினா, பின் வரிசையில ஓரத்துல.

பஸ் புடிச்சு வந்திருக்கா. மாசம் ஒரு தடவை, முதல் திங்கக்கிழமை. ஒண்ணரை வருஷம் வந்தா. பாவம், கேஸ் ஜட்ஜு பின்னாலேயே போகும்னு நினைச்சிருக்கா, அறியாதவ. இப்படித்தான் நான் ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டு இருந்தேன். கோபம் கூட வரும் எனக்கு. யாராவது சொல்லித் தொலைக்கக்கூடாதா இவகிட்டன்னு. யாராவதுன்னா யாராவதுதான். நான் எப்படிச் சொல்றது?

அப்புறம் வர்றது நின்னு போச்சு. முதல் திங்கள் ரெண்டு போச்சு, மூணு போச்சு. நிம்மதியா இருந்ததுன்னு பொய் சொல்ல மாட்டேன். பின் வரிசை வெறுமையா இருந்தா எனக்கு வேலை ஓடலை. தொண்ணுத்தி ரெண்டுல ஹமீது மக கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இலையில உக்காரப் போறப்ப காதுல சொன்னார், 'அய்யா, பேராச்சி காலமாயிட்டா. அந்தச் சாய்ப்புலயே. தூசி ஒத்துக்கலை, இழுப்பு.' நான் சரின்னு சொன்னேன். பிரியாணி நல்லா இருந்தது. சாப்பிட்டேன்.

இந்த இடத்துல நிறுத்தினா, இது ஒரு கேஸ். ஒரு ஜட்ஜு ஆயிரக்கணக்குல கேஸ் பாக்குறான், அதுல ஒண்ணு.

ஆனா தொண்ணுத்தி மூணுல வடக்கே போட்டாங்க என்னை. ராத்திரி முழுக்க பஸ்ல போகணும், அவ்வளவு தூரம். அங்க பீடியே கிடையாது, எல்லாம் மாம்பழமும் புளியும்தான். முதல் நாள் காலையில, பேர் கூப்பிட ஆரம்பிச்சு பத்து நிமிஷம் இருக்கும், வாசனை வருது. நிமிந்து பாத்தா பின் பெஞ்சுல ஓரமா அவ. கூடை காலுக்கு நடுவுல. சேலை ஓரத்துல முள்ளு. டவாலியைக் கூப்பிட்டு, அங்க உக்காந்திருக்கிற அம்மா யாருன்னு கேளுன்னேன். போய்ப் பாத்துட்டு வந்து, 'அங்க யாரும் இல்லீங்களே அய்யா'ன்னான்.

டாக்டர் கண்ணுல புரைன்னார். எடுத்தாச்சு. அதுக்கப்புறம் அவ இன்னும் தெளிவாத் தெரிஞ்சா.

அன்னையிலிருந்துதான் அஞ்சு தரம். கருணைன்னு எழுதுவீங்க நீங்க. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன். மூணாவது தரத்தோட நிறுத்த என்னால முடியலை, அதுதான் உள்ளது. மூணாவது தரம் கூப்பிட்ட உடனே எனக்குக் காதுல ஒரு சத்தம் கேக்கும். அது அடங்குறதுக்குள்ள இன்னொரு தரம் கூப்பிடுன்னுருவேன். அப்புறம் இன்னொண்ணு. எத்தனையோ பேருக்கு அதனால நல்லது நடந்துச்சு. நாப்பது பேராவது ஓடி வந்து ஆஜராயிருப்பாங்க. அதுக்கு ஒரு கணக்கு உண்டில்லையா, வக்கீலம்மா? இல்லையா?

மூணு வருஷம் முன்னால எனக்கு ஒரு பாராட்டு விழா வச்சாங்க. சால்வை, மாலை எல்லாம். இந்த அஞ்சு தரக் கதையை மைக்ல சொன்னேன். கைதட்டல். செண்பகம் முதல் வரிசையில இருந்தா, அவ கை தட்டலை. வீட்டுக்கு வந்ததும் சால்வையை மடிச்சு வச்சுக்கிட்டே சொன்னா, 'பேராச்சி என்கிட்ட பேசியிருக்கா.'

எப்பன்னேன். சப் கோர்ட்ல இருந்தப்பவாம். எங்க குவார்ட்டர்ஸ் கோர்ட்டுக்குப் பின்னாலேயே. குடிக்கத் தண்ணி கேட்டு வந்திருக்கா. செண்பகத்துக்கு ஹமீது வீட்டம்மா மூலமா விஷயம் முன்னாலயே தெரியும். தண்ணி கொடுத்துட்டு, மனசு தாங்காம, 'ஏம்மா, உன் கேஸ் எப்பவோ தள்ளுபடி ஆயிருச்சு, அது இங்க வராது, ஏன் இப்படி அலையுற'ன்னு கேட்டிருக்கா.

அதுக்கு அவ சொன்னாளாம். செண்பகம் அவ சொன்ன மாதிரியே சொன்னா, எனக்கு அப்படியே மனப்பாடம் ஆயிருச்சு:

'தெரியும்மா. அன்னைக்கு அந்திக்கே தெரியும். நான் கேசுக்காக வரலை. அந்தக் கட்டுல அய்யா என்னைய இல்லைன்னு எழுதிட்டாகள்லா? நான் இருந்தேன். மாசானம் கூப்பிடுதான், எனக்குக் காதுல விழுது. நான் இருக்க நெலையில எந்திரிச்சு ஓடியாற முடியுமா? அங்கன இருந்தே கத்துனேன், இருக்கேன் சாமி, இருக்கேன், இந்தா வாரேன்னு. டீக்கடையில எல்லாரும் சிரிச்சாக. பொம்பள ஒண்ணுக்கு இருக்க எடத்துல இருந்து கத்துனா சிரிக்கத்தானே செய்வாக. மானம் போனாலும் போவுதுன்னுதாம்மா கத்துனேன். வீடு போயிட்டு, அது போவட்டும். நான் இருந்தேன்னு அய்யாவுக்குத் தெரியணும். அவுக கண்ணு முன்னால வந்து வந்து இருந்தா, ஒரு நா சொல்லுவாகள்லா, ஆமா நீ இருந்தேன்னு.'

செண்பகம் இதை முப்பது வருஷமா வயித்துக்குள்ள வச்சிருந்திருக்கா. ஏன்டி சொல்லலைன்னு கேட்டேன். 'சொன்னா மறுநாள் நீங்க எப்படி மேடை ஏறுவீங்க? பிள்ளைங்க படிச்சுக்கிட்டு இருந்தாங்க'ன்னா. அவ்வளவுதான். அன்னையிலிருந்து அவ பேச்சு குறைஞ்சு போச்சு.

முதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்தது. பாத்தியா, அவளுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு, யாரும் அவளை ஏமாத்தலைன்னு நினைச்சேன். அதைச் செண்பகத்துகிட்ட வாய்விட்டுச் சொல்லவும் செஞ்சேன். அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே, உங்க ஊர் கோர்ட் வாசல்ல ஒருத்தி நின்னு பாத்தாளே, அதே மாதிரி.

வெளிய ஏதோ சத்தம்னு சொன்னேன் இல்ல, உங்ககிட்ட? மணியைத் தட்டினேன்னு?

ஏதோ சத்தம் இல்லை வக்கீலம்மா. எனக்குக் கேட்டுது. 'இருக்கேன் சாமி'ன்னு முழுசாக் கேட்டுது. எங்கேருந்து வருதுன்னும் தெரிஞ்சுது. கேட்டுட்டுத்தான் மணியைத் தட்டினேன். அது பதினொண்ணாவது கேஸ். அன்னைக்கு ஸ்டேட்மெண்ட்டுக்கு எனக்குப் பன்னெண்டு வேண்டியிருந்தது.

இதை நான் செண்பகத்துகிட்ட கூடச் சொன்னதில்லை. இப்ப அடுக்களையில பாத்திரச் சத்தம் நின்னு போச்சு, கவனிச்சீங்களா? கேட்டுட்டா. கேக்கட்டும்.

மணி என்ன? பத்து நாப்பதா? சரியாத்தான் வருது. அப்படியே கேட்டைப் பாருங்க. முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம். ரிட்டயர் ஆனதுலேருந்து இங்கதான். கோர்ட் விடுமுறை நாள்ல வர்றதில்லை. ஞாயித்துக்கிழமை வர்றதில்லை. இன்னைக்கு புதன். பாருங்க, நல்லாப் பாருங்க.

ஒரு உபகாரம் பண்ணணும் நீங்க. நான் கூப்பிடக்கூடாது, ஜட்ஜு பேர் கூப்பிடுறது முறையில்லை. மாசானமும் போய்ச் சேந்துட்டான். நீங்க அந்தக் கோர்ட்டு வக்கீல். வாசல்ல நின்னு அவ பேரைக் கூப்பிடுங்க. வெக்கப்படாதீங்க, தெருவுல யாரும் இல்லை. அங்க போய் நில்லுங்க. கூப்பிடுங்க.

ஒண்ணு.

கொஞ்சம் சத்தமா. உடங்காடு வரைக்கும் கேக்கணும். ரெண்டு.

மூணு. ஏன் திரும்பிட்டீங்க? இன்னும் ரெண்டு இருக்கு. என் கோர்ட்ல அஞ்சு.

நாலு.

ஏன் நிறுத்திட்டீங்க? அழாதீங்க. நீங்க ஏன் அழுறீங்க, உங்களுக்கு அப்ப எத்தனை வயசு, பள்ளிக்கூடத்துல இருந்திருப்பீங்க. இன்னும் ஒரே ஒரு தரம். நாலோட விட்டா கணக்குல சேராது. கூப்பிடுங்க வக்கீலம்மா. தயவு செஞ்சு.

...

கேட்டீங்களா? செண்பகம். செண்பகம் கூப்பிட்டுட்டா. மூணு வருஷத்துல இவ்வளவு சத்தமா அவ குரலை நான் கேட்டதில்லை. வா, இங்க வந்து நில்லு. காப்பி ஆறினா ஆறட்டும். அப்படி ஓரமா நில்லு, கேட்டை மறைக்காதே.

அஞ்சு தரம் ஆயிருச்சு. உக்காருங்க. பேனாவை எடுங்க. இதுவரைக்கும் எழுதாதீங்கன்னு சொன்னதெல்லாம் எழுதுங்க, உடங்காடு, மணி, பன்னெண்டு கேஸ், எல்லாத்தையும். தலைப்பு அப்படியே இருக்கட்டும். ஏன் அஞ்சு தரம்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். கடைசி வரி நான் சொல்றேன், மாத்தாம எழுதிக்கோங்க.

வாதி பேராச்சி ஐந்து முறை அழைக்கப்பட்டார். முற்றுப்புள்ளி. புது பாரா.

வாதி ஆஜர். முற்றுப்புள்ளி.

ஏன் பேனா நிக்குது வக்கீலம்மா? அங்க யாரும் இல்லையேன்னா?

அன்னைக்கு நானும் அதைத்தான் சொன்னேன்.